பதினான்காம் நம்பர் கண்டக்டரின் கெளுத்திகள்

முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு ரப்பர் குழாயின் நுனியை மணலுக்கு அரை அங்குலம் மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். குழாயின் மறுமுனை, தரையில் இருந்த வாளிக்குள் அழுக்குத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. குழாயருகே வந்து வந்து மீசையால் தடவிப் பார்த்த மீன்களை அவளுடைய இடது கை மெல்ல ஒதுக்கியது.

"உள்ள போங்க, உள்ள போங்க. வழியில நிக்காதீங்க."

மீன்களிடம்தான் சொன்னாள். நான் வாசலில் நின்று இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. என் கையில் பையும் நிறுவனம் கொடுத்த கடிதமும் இருந்தன. கடைசியில் அவளாகத் திரும்பி, கை ஈரமாக இருக்கிறது, கடிதத்தை மேசையில் வையுங்கள், அக்கா அதோ கட்டிலில், முழித்துக்கொண்டுதான் இருக்கிறார், தூங்குகிற மாதிரி நடிப்பார், நம்பாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்றரை வருடம் முறையாகப் பயிற்சி எடுத்தேன். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடமாக வீடு வீடாகப் போய்வருகிறேன். நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் எந்த வீட்டிலும் மூன்றாம் நாளில் நர்ஸம்மா ஆகிவிடுவேன். இங்கே முதல் நாளே ஆகிவிட்டேன்.

அக்கா என்றது அவளுடைய சொந்த அக்காவை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து அனுப்பியிருந்தார்கள். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஐந்து வருடத்துக்கு முன் விருப்ப ஓய்வு பெற்றவர். தங்கைக்கு நாற்பத்தொன்பது, பஸ் கண்டக்டர். வீட்டில் வேறு யாரும் இல்லை. பால் போடுபவர் முதல் மீன்கடைக்காரர் வரை எல்லோருக்கும் மூத்தவர் அக்கா, இளையவள் கண்டக்டர். அக்காவைவிடப் பதிமூன்று வயது பெரியவளான நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நான் அளவு நாடாவைத்தான் எடுப்பேன். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவுக்குப் பதினோரு அடி. நடுவில் ஒரு பக்கம் மீன்தொட்டியின் இரும்பு ஸ்டாண்டு, எதிர்ப்பக்கம் அக்காவின் கண்ணாடி அலமாரி. இரண்டுக்கும் இடையே இருபது அங்குலம். இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை, அக்காவுக்கு நடைப்பயிற்சிக்கு வாக்கர் வரப்போகிறது. அதன் அகலம் இருபத்தைந்து. இரண்டில் ஒன்று வெளியேற வேண்டும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினேன். தொட்டியின் காற்றுக்குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

அலமாரியில் இருந்தவை பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய கண்ணாடிக் குடுவைகள், சோதனைக் குழாய்கள், துலாக்கோல், ஒரு முயலின் எலும்புக்கூடு. ஓய்வு பெற்ற அன்று அக்கா ஆட்டோ வைத்து ஏற்றிவந்தவை. தினமும் துடைப்பார்.

"நாலு வருஷமா குஞ்சு பொரிக்கப் போவுது, குஞ்சு பொரிக்கப் போவுதுங்கிறா," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "இதுவரைக்கும் தண்ணிதான் மாத்தியிருக்கா. என் அலமாரி என்ன பாவம் பண்ணுச்சு?"

"உன் முயல் கூடத்தான் முப்பது வருஷமா குட்டி போடல."

"அது செத்த முயல்டி."

கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னார். வாக்கர் வருவதற்குள் ஒரே ஒரு குஞ்சைக் காட்டினால் அலமாரி போகட்டும். இல்லையென்றால் தொட்டி மீன்களோடு வளர்ப்புமீன் கடைக்குப் போக வேண்டும். முட்டையைக் காட்டி ஏமாற்றக் கூடாது, முட்டை கடையிலேயே கிடைக்கிறது. கண்டக்டர் கையைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது. ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொட்டியில் இருந்தவை குட்டிக் கெளுத்திகள். கடைக்காரர்கள் கோரி என்பார்கள். கட்டைவிரல் நீளம்தான். சாம்பல் உடம்பின்மேல் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள். செதிலுக்குப் பதிலாக இரண்டு வரிசையில் ஓடு அடுக்கியது போன்ற கவசம். வாயைச் சுற்றி மீசை. அந்த மீசையால் நாள் முழுக்க மணலைத் துழாவிக்கொண்டு, திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வரும். யாரையும் கடிக்காது, விரட்டாது. கூட்டமாக இருந்தால்தான் நிம்மதி. தனியே விட்டால் மூலையில் ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும். மொத்தம் ஆறு, அதில் பெண் ஒன்றே ஒன்று. இன்னொரு பெண் போன வருடம் செத்துவிட்டது. மிஞ்சிய பெண்ணுக்கும் வயதாகிவிட்டது. இந்தப் பருவத்தில் முட்டையிடாவிட்டால் அதற்கு அடுத்த பருவம் உண்டா என்பது சந்தேகம். கடைக்குப் போனால் கடைக்காரர் அவற்றை மற்ற மீன்களோடு கலந்துதான் விடுவார். வருகிறவர்கள் ஒவ்வொன்றாக வாங்கிப் போவார்கள். அவள் முகம் சுண்டியது அதற்குத்தான்.

இருபத்தாறு வருடமாக அவள் பதினான்காம் நம்பர் பஸ்ஸில் போகிறாள். வேலைக்குச் சேர்ந்தபோது அந்த டிப்போவில் பெண் கண்டக்டர் வேறு யாரும் இல்லை. ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்களாம். பந்தயம் கட்டியவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், நான்தான் இன்னும் படியில் நிற்கிறேன் என்பாள். டிக்கெட் கட்டிலிருந்து ஒரே ஒரு டிக்கெட்டைப் பிரித்தெடுக்க வலது ஆள்காட்டி விரலில் சின்ன ரப்பர் தொப்பி மாட்டியிருப்பாள். வீட்டுக்கு வந்தும் பாதி நேரம் அது விரலிலேயே இருக்கும். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துத் தலையை எண்ணிவிடுவாள்.

மீன் வந்ததும் பஸ்ஸில்தான். ஆறு வருடத்துக்கு முன் கடைசி நடையில், பின்சீட்டில் யாரோ ஒரு பிளாஸ்டிக் பையை விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே தண்ணீரும் மூன்று மீன்களும். டிப்போவில் தொலைந்த பொருள் வாங்கும் ஆள், குடை என்றால் எடுத்துக்கொள்வேன், செருப்பு என்றால்கூட எடுத்துக்கொள்வேன், மூச்சு விடுகிற பொருளுக்கு என் நோட்டில் இடமில்லை என்றாராம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி அதில் கொண்டுவந்தாள். யாராவது தேடி வருவார்கள் என்று ஒரு மாதம் பார்த்தாள். யாரும் வரவில்லை.

அதன் பிறகு பட்டுப்பட்டுக் கற்றுக்கொண்டாள். முதலில் அழகுக்காகக் கூரான கற்களைப் போட்டாள், மீசை தேய்ந்துபோனது. கற்களை அள்ளிக் கொட்டிவிட்டு மணல் போட்டாள். நோய்க்கு உப்பு நல்லது என்று யாரோ சொல்லப் போட்டதில் இரண்டு போயின. கூட்டமாக இருக்கட்டும் என்று கடையிலிருந்து மேலும் வாங்கிச் சேர்த்தாள். வலையில் பிடித்தால் துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும் என்று தெரிந்து கிண்ணத்தால் மொள்ளப் பழகினாள். பெண் மீனுக்கு மேனேஜர் என்று பெயர், டிப்போ மேனேஜர் மாதிரி அகலமாம். அதன் பின்னால் ஓடும் ஐந்து ஆண்களுக்கும் சேர்த்துச் செக்கிங் என்று ஒரே பெயர்.

மீன்கடைக்காரர் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான். இந்த ஜாதி மழைக்காலத்தில் முட்டையிடுவது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், மழை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நாலு வருடமாக ஊற்றுகிறாள். ஒரு முட்டைகூட இல்லை. தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பம் காட்டும் பட்டை வெளுத்துப்போய் எண்ணே தெரியவில்லை. வியாழக்கிழமை இரவு, குளியல் தண்ணீருக்கு நான் வைத்திருந்த வெப்பமானியைக் கடன் கேட்டாள். தொட்டியில் தொங்கவிட்டேன். அக்காவின் காய்ச்சலை மூன்று வேளை எழுதும் தாளில் ஒரு கட்டம் காலியாகத்தான் இருந்தது. அதில் மீனுக்கும் எழுதுகிறேன் என்றேன்.

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் காலை கண்டக்டர் வேலைக்குப் போனதும் அக்கா என்னைக் கூப்பிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சுவிட்சைக் கொஞ்சம் போடுங்கள் என்றார். போட்டேன். மாலை மூன்றரைக்கு அணைக்கச் சொன்னார், அணைத்தேன். மறுநாளும் அப்படியே. நோயாளி சொல்வது விளக்கா, விசிறியா, என்ன சுவிட்ச் என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அது பயிற்சியின் முதல் பாடம். நான் கேட்கவில்லை. வீட்டு வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கண்டக்டர் வந்தாள். பையை மாட்டிவிட்டுத் தாளைப் பார்த்தாள். காலை இருபத்து நாலு. மதியம் இருபத்தெட்டு. மூன்றரை மணிக்கு இருபத்தொன்பது.

"அறை இவ்வளவு சூடா இல்லியே," என்றாள்.

இல்லைதான். அதே தாளில் அறையின் சூட்டையும் எழுதியிருந்தேன், இருபத்தைந்து. அவள் தொட்டிக்குள் கையை விட்டாள். பின்பக்கம் தடவினாள். குளிர் மாதங்களுக்கென்று வாங்கிப் போட்டிருந்த கண்ணாடிக்குழாய் ஹீட்டரில் கை பட்டதும் நிமிர்ந்து, சுவரில் இருந்த அதன் சுவிட்சைப் பார்த்தாள்.

"இத யாரு போட்டது?"

"நான்," என்றேன். "அஞ்சு நாளா. காலைல போட்டு மூன்றரைக்கு அணைச்சேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார், அதாவது நடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா."

குறட்டை.

"அக்கா, நீ குறட்டை விட மாட்ட. முழிச்சுக்கோ."

பிறகு நடந்ததை நான் முழுவதும் எழுத மாட்டேன். இரண்டு பேருக்கும் வாய் அப்படி. சுருக்கம் இதுதான். தங்கை குளிர்ந்த தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போன முதல் நாள் மீன்கள் எல்லாம் மேலும் கீழும் துடித்திருக்கின்றன. அது முட்டையிடுவதற்கு முந்தைய ஆட்டம். அக்கா குளிரில் நடுங்குகின்றன என்று நினைத்துவிட்டார். அன்று முதல், தங்கை படி இறங்கியதும் ஹீட்டரைப் போடுவது, அவள் வருவதற்கு முன் அணைப்பது. நாலு வருடம். ஆய்வகத்தில் வருடா வருடம் கோழிமுட்டைகளைப் பல்பு வைத்து அடைகாத்துக் காட்டியவர் அவர். உயிர் என்றால் சூடு வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வேணும்னே பண்ணியா?" என்றாள் தங்கை. "தொட்டி போகணும்னு?"

"வேணும்னு பண்றவளா இருந்தா உப்பள்ளிப் போட்டிருப்பேன்டி. ஹீட்டர் எதுக்குப் போடறேன்?" அக்கா எழுந்து உட்காரப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். "நீ பாட்டுக்கு ஐஸ் தண்ணிய ஊத்திட்டுப் போயிடுவ. அதுங்க படற பாட்ட நாள் முழுக்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது யாரு?"

கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்தாள். நாலு வருடம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, அழுகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. ஹீட்டரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் ஓட்டம்தான். நன்றாகத் தின்ன வைக்க வேண்டும் என்றாள். கடையிலிருந்து உறைந்த புழு வந்தது. அக்காவின் கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்து, நான் அதைப் பொடிப்பொடியாக நறுக்கினேன். ஞாயிறு குளிர்ந்த தண்ணீர், செவ்வாய் இன்னொரு முறை. வாளித் தண்ணீரை எப்படிக் குளிர வைப்பது என்று யோசித்தபோது, இடுப்பு வீக்கத்துக்கு வைக்கும் இரண்டு ஐஸ் பைகளையும் அக்காவே எடுத்து நீட்டினார். வீக்கத்துக்கு என்றேன். வீக்கம் எங்கேயும் ஓடிப்போகாது, ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்கிறேன் என்றார். தண்ணீர் இருபத்தொன்றுக்கு இறங்கியது. மேனேஜரின் வயிறு பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. பத்து மணிக்கு மழை பிடித்தது. அக்காவைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் தொட்டியைப் பார்த்து இருந்தது.

"நர்ஸம்மா, நிறுத்துங்க. அங்க பாருங்க."

ஐந்து செக்கிங்கும் மேனேஜரைச் சுற்றிக் கண்ணாடி ஓரமாகத் துரத்திக்கொண்டிருந்தன. ஒன்று அதன் முன்னால் குறுக்கே படுத்தது. மேனேஜர் தன் வாயை அதன் வயிற்றில் ஒட்டிவைத்து அப்படியே சில நொடி அசையாமல் நின்றது. விலகியபோது மேனேஜரின் அடித்துடுப்புகள் இரண்டும் கூப்பிய கை மாதிரி மூடியிருந்தன. உள்ளே மூன்று முட்டை. ரவையைவிடக் கொஞ்சம் பெரிது. தூக்கிக்கொண்டு தொட்டி முழுக்கச் சுற்றியது. இடம் பார்த்தது. கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் துடைத்தது. அதில் வயிற்றை அழுத்தி மூன்றையும் ஒட்டிவிட்டுப் போனது. போன வீடுகளில் பிரசவத்துக்கும் துணை நின்றிருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காக இடம் துடைத்துவிட்டுப் பெற்றவர்களைப் பார்த்ததில்லை.

அக்கா எண்ணத் தொடங்கிவிட்டார். அவர் கீழே விழாதபடி இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். வேலையில் இருக்கும்போது கண்டக்டருக்குப் போனைத் தொட அனுமதியில்லை. ஆனால் பதினான்காம் நம்பர் எங்கள் தெருமுனை நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு பத்துக்கு வரும். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கால்மணி நேரம் கட்டிலருகே உட்காரச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன். எழுபத்தோரு வயதில் ஓடக்கூடாது. வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிறைந்து வழிந்தது. அவள் பின்படியில் நின்றிருந்தாள்.

"வச்சிருச்சு," என்றேன்.

விசிலை வாயிலிருந்து எடுத்தாள். "எத்தனை?"

"கிளம்பும்போது இருபத்தி மூணு. இன்னும் நிறுத்தல."

"இருபத்தி மூணா?" என்றார் படியருகே நின்ற பயணி ஒருவர். "ஆஸ்பத்திரிலயா, வீட்டுலயா?"

பஸ் சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, என்ன அங்கே தாமதம் என்று கேட்டார். வீட்டில் பிரசவம் என்று கத்திவிட்டு அவள் என் பக்கம் குனிந்தாள். இறங்க முடியாது. ஷிப்ட் முடிகிற வரை இந்தப் படி அவளுடையது. அதற்குள் முட்டைகளைப் பெற்றவையே தின்றுவிடும்.

"மேனேஜர் ஓஞ்சதும் ஒரு மணி நேரம் விடுங்க. தோல் கெட்டியாகணும். அப்புறம் கண்ணாடியிலேர்ந்து விரலால உருட்டி எடுங்க. கிள்ளக் கூடாது, நகம் படக் கூடாது. உருட்டணும்." விரலிலிருந்த ரப்பர் தொப்பியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இத மாட்டிக்குங்க."

இரண்டு விசில். பஸ் போய்விட்டது. அன்று மிச்ச டிக்கெட்டையெல்லாம் வெறும் விரலை ஈரப்படுத்தி ஈரப்படுத்திப் பிரித்தாளாம். டிக்கெட் இரண்டிரண்டாக வந்து பாடாய்ப் படுத்தியதாம்.

ஒன்றரை மணிக்கு மேனேஜர் களைத்து மணலில் படுத்தது. இரண்டரைக்கு ரப்பர் தொப்பியை வெந்நீரில் அலசி, விரலில் மாட்டி, தொட்டிக்குள் கையை விட்டேன். முதல் இரண்டும் நசுங்கின. மூன்றாவது உருண்டது. அதன் பிறகு கை பழகிவிட்டது. படுக்கைப் புண்ணில் ஒட்டிய பஞ்சை எடுக்கிற அதே அழுத்தம், அதைவிட ஒரு மாற்றுக் குறைவு. எங்கே வைப்பது என்று கேட்டதற்கு அக்கா அலமாரியைக் காட்டினார். மேல்தட்டில் இரண்டு லிட்டர் கண்ணாடிக் குடுவை. தொட்டித் தண்ணீரையே நிரப்பி, காற்றுக்குழாயின் ஒரு கிளையையும் என் வெப்பமானியையும் உள்ளே விட்டு, பூஞ்சை வராமல் இருக்க மீன்கடை நீல மருந்து ஒரு சொட்டு. ஸ்டாண்டின் ஓரத்தில் வைத்து முடித்தபோது அறுபத்தொரு முட்டை இருந்தது.

நாலு மணிக்குக் கண்டக்டர் வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குடுவையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்பத்தெட்டு."

நான் அறுபத்தொன்று என்றேன். மறுபடி பார்த்தேன். மூன்று வெள்ளையாகிவிட்டிருந்தன. அவற்றை அவள் கணக்கில் ஏற்றவே இல்லை.

வெள்ளையானால் செத்த முட்டை. அதில் பூஞ்சை பிடித்து நல்லதையும் கெடுக்கும். மருந்து புகட்டும் சொட்டுக்குழாயால் அவள் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தாள். டிக்கெட் இல்லாதவர்கள் இறங்குங்கள் என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்தாள், ஆனால் சிரிக்கவில்லை. வியாழன் நாற்பத்தாறு. வெள்ளி முப்பத்து நாலு. சனிக்கிழமை காலை இருபத்தாறு. அன்று மாலை மிஞ்சியவை பழுப்பேறின. அக்காவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கரும்புள்ளி. கண்.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. விடிந்ததிலிருந்து குடுவைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் வரை ஒன்றும் இல்லை. மீன்கடைக்காரர் திங்கள் காலை எட்டு மணிக்கு டப்பாக்களோடு வருவதாக ஏற்பாடு. அவர் போன் செய்து, வரட்டுமா வேண்டாமா என்றார். வாருங்கள் என்றாள்.

அக்கா பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தார். கண் தெரிகிறது, வால் துடிக்கிறது, ஓடு ஒன்றுதான் பாக்கி, இதைக் குஞ்சு என்று சொன்னால் என்ன குடிமுழுகிப் போகிறது? தங்கை தலையை ஆட்டினாள். பேசியது குஞ்சு.

"நான்தானடி பேசினேன். நானே மாத்திக்கிறேன்."

"ஸ்டாப்புல நிக்கிறவன் பயணி இல்லக்கா. ஏறினாதான் பயணி."

"உன் சட்டத்தத் தூக்கிக் குப்பைல போடு."

"குப்பைல போடற ஆளா இருந்தா இருபத்தாறு வருஷம் பஸ்ஸுல நின்னிருப்பேனா?"

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாலை மாத்திரையை வாங்க மாட்டேன் என்றார். குஞ்சு பொரிக்காவிட்டாலும் இடுப்பு வலிக்கும் என்று சொல்லி விழுங்க வைத்தேன். கண்டக்டர் எழுந்துபோய், கெளுத்திகளை மொள்ளும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், நாளைக்கு வேண்டுமே என்று. தொட்டியில் ஆறும் வழக்கம்போல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

ஆறரை மணிக்கு நான் அக்காவின் காய்ச்சலைப் பார்த்துத் தாளில் எழுதினேன். பழக்கத்தில் குடுவையின் வெப்பமானியையும் பார்க்கக் குனிந்தேன். இருபத்திரண்டு. அடியில் ஒரு முட்டை கிழிந்த மாதிரி இருந்தது. இன்னொன்று வெள்ளையாகிவிட்டது என்று நினைத்துச் சொட்டுக்குழாயை எடுத்தேன். கிழிசலிலிருந்து ஒரு நூல் நீண்டு, துடித்து, முட்டையை உதறிவிட்டு, குடுவையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு தலை, அதன் கீழே தொந்தி மாதிரி மஞ்சள் பை, ஒரு வால்.

"கண்டக்டர்," என்றேன். "ஒரு ஆள் ஏறியாச்சு."

கிண்ணம் கையில் இருந்தபடியே ஓடிவந்தாள். மூக்கைக் குடுவையில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அக்கா கட்டிலிலிருந்து, என்ன, என்ன, யாராவது வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று மெத்தையை அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கை குடுவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். காற்றுக்குழாய் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. அக்கா பூதக்கண்ணாடியை வைத்தார். அதே நேரத்தில் இரண்டாவது கிழிந்தது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல். இரவுச் சாப்பாட்டுக்குள் பதினேழு. இரண்டு தலைகளும் ஒரு குடுவைக்கு மேல் முட்டிக்கொண்டிருந்தன. நான் சாப்பாட்டைச் சூடு பண்ணினேன், அது ஆறியது, மறுபடி சூடு பண்ணினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மீன்கடைக்காரர் நாலு டப்பாவோடு வந்தார். அவரிடம் குடுவையைக் காட்டினோம். இரண்டு நாளைக்கு எதுவும் போடாதீர்கள், வயிற்றுப் பை கரையும் வரை பசிக்காது, பிறகு நான் பொடிப்புழு தருகிறேன் என்றார். டப்பாக்களை ஓரமாக வைக்கச் சொல்லி, அவரை அலமாரியின் ஒரு முனையைப் பிடிக்க வைத்தாள் கண்டக்டர். அவள் மறுமுனை. முயலை மட்டும் அக்கா மடியில் வைத்துக்கொண்டார். அலமாரி உள்ளறைக்குப் போய் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. போகட்டும், அந்த ஜன்னலில் எப்படியும் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றார் அக்கா.

அவளுக்கு அன்று மதிய ஷிப்ட். ரப்பர் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். சோப்புப் போடவில்லை, மீனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும் என்றேன். விரலில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து குடுவையை ஒருமுறை எண்ணிவிட்டுப் போனாள்.

பதினொரு மணிக்கு வாக்கர் வந்தது. அக்காவின் கட்டிலை உயர்த்தி, காலைத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். தலை சுற்றவில்லை. எழுந்து நின்றார். வாக்கரை நகர்த்து, தகடு வைத்த காலை எடு, நல்ல காலைக் கொண்டுவந்து சேர். நாலு எட்டு வைத்ததும் தொட்டிக்கு நேராக நின்றுவிட்டார். மேனேஜர் மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. அக்காவின் வலது கை வாக்கரை விட்டுத் தானாக நீண்டு, சுவரில் இருந்த சுவிட்சைத் தொட்டது.

"பழக்கம்," என்றார்.

கையை எடுத்து வாக்கரில் வைத்து, குளியலறைக் கதவு வரை மிச்சத்தையும் நடக்க வைத்தேன்.